தவளைக்கண்ணி

“இன்னாங்க இது, வண்டி இப்பிடி முழிக்குது?”

ஜமுனாமரத்தூர் மலைப்பாதையில் சூடேறி நின்றுவிட்ட காருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த ராஜாக்கண்ணு நிமிர்ந்தான். வளைவில் பஸ்ஸுக்கு நிற்பவள் போலிருந்த அந்தப் பெண், பானெட்டின் மேல் புடைத்திருந்த இரண்டு விளக்குகளையும் குனிந்து பார்த்தாள்.

“பேரே தவளைக்கண்ணிதாங்க. சீமையில வெச்ச பட்டப்பேரு.”

அவள் முகம் சட்டென்று சுருங்கியது. “கேலி பண்றாங்களா?”

“ஐயோ, இல்லீங்க! எங்கள மாதிரி கார் பைத்தியங்க ஆசைப்பட்ட வண்டிக்குத்தான் பட்டப்பேர் வெப்பாங்க. பின்பக்கம் கூரா ஒடுங்குனா படகுவால். டிக்கி தூக்கினு இருந்தா வாத்துவால். மேல தொறந்து உருண்டையா இருந்தா குளிக்கிற தொட்டி!”

“எது அழகு?”

“இவதான். வேலூர்ல பழைய இரும்புக் கடையில கெடந்தா. என் ஒர்க்‌ஷாப்ல வெச்சு நானே உசுரு குடுத்தேன். இதுக்கப்புறம் விளக்க ஓரமா தள்ளி வெச்சு ஒரு மாடல் வந்துச்சு. லட்சணமாத்தான் இருந்துச்சு. ஆனா யாருக்கும் பேர் வெக்கத் தோணல.”

அவள் விளக்கின் வளைவை மெல்லத் தடவினாள். “பள்ளிக்கூடத்துல என்னையும் அப்பிடித்தான் கூப்ட்டாங்க. ஆசையில இல்ல.”

அப்போதுதான் அவள் கண்களைப் பார்த்தான். பெரிய கண்கள். பார்த்தால் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

“அவங்களுக்குப் பார்க்கத் தெரியலீங்க” என்று வாய்தவறிச் சொல்லிவிட்டு வெட்கப்பட்டான். “நானே இப்ப பொண்ணு பார்க்கத்தான் போய்னு இருக்கேன். இதுல ரெண்டு சீட்டுதான். அப்பா அம்மா காலைல பஸ்ஸுலயே போய்ட்டாங்க.”

“அந்தப் பொண்ணு வேணாம்னு சொல்ட்டா?”

“திரும்பிடுவேங்க. கட்டாயப்படுத்தி இன்னா வாழ்க்கை?”

அவள் கதவின் மேலாகக் கைவிட்டு உள்ளிருந்து திறந்து, பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தாள்.

“பஸ் வர்ற நேரமில்லீங்களா?” என்றான் திகைத்துப்போய்.

“நான் பஸ்ஸுக்கு நிக்கல. உங்கள இங்கியே திருப்பி அனுப்பத்தான் நின்னேன். எடுங்க வண்டிய, உங்க அப்பா அம்மா எங்க வூட்லதான் காத்துனு இருக்காங்க.”