சக்கரம் வைத்த வீடு

கொறியன் என்ற அணிலும் அதன் மனைவி வரிச்சியும், லாரி இழுத்துச் செல்லும் ஒரு புத்தம்புது வீட்டின் கூரை இடுக்கில் குடியேறின. அதுதான் அவற்றின் முதல் பயணம்.

வண்டி எங்கே நின்றாலும் கொறியன் கீழே குதித்து ஓடும். அந்த ஊர் அணில்களைக் கூட்டி, "எங்க வீட்டைப் பாருங்க! கண்ணாடி ஜன்னல், கீழே சக்கரம், மழை ஒரு சொட்டு இறங்காது" என்று பெருமையடிக்கும்.

வரிச்சி நிறைமாதமாக இருந்தது. ஒரு புளியந்தோப்பில் வண்டி நின்றபோது, "இன்னிக்கு எங்கேயும் போகாதே. வயிறு வலிக்குது, என் பக்கத்துலயே இரு" என்றது.

"இதோ வந்துடறேன்" என்று கொறியன் இறங்கிப் போனது.

அது ஜன்னலின் அழகை விவரித்துக்கொண்டிருந்தபோது லாரி கிளம்பிவிட்டது. கொறியன் பதறியடித்துத் துரத்தியது. கூரையிலிருந்து வரிச்சி கூப்பிடும் சத்தம் கொஞ்ச தூரம் கேட்டது. பிறகு அதுவும் கேட்கவில்லை. கொறியன் மூச்சிரைக்கச் சாலையில் விழுந்தது.

பின்னால் ஓடிவந்த தோப்பு அணில் ஒன்று, "வீடு போனா போகட்டும்ப்பா, இங்கே எத்தனை மரம் இருக்கு!" என்று தேற்றியது.

"உள்ளே என் பெண்டாட்டி இருக்கா."

தோப்பு அணில் திகைத்தது. "இவ்வளவு நேரம் பேசினியே, அவளைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லலையே!"

கொறியன் எழுந்து, வண்டி போன திசையில் மறுபடி ஓடத் தொடங்கியது.