இரும்பின் எண்

கோடு அசையவில்லை.

திரையை முறைத்துப் பார்த்தாள். முறைத்தால் எழுந்துவிடுமா என்ன?

இது நாற்பத்தோராவது முறை. காந்தப்புலத்தை இந்தப் பக்கம் திருப்பினாள், அந்தப் பக்கம் திருப்பினாள். தகட்டில் பட்டுச் சிதறி வரும் எக்ஸ் கதிர் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

டைட்டானியம் வாயைத் திறக்க மறுத்தது.

சுவர்க் கடிகாரத்தில் மணி நாலு. ஆறு மணிக்குக் கதிர் அடுத்த குழுவின் கைக்குப் போய்விடும். அவர்கள் இப்போதே காப்பிக் கோப்பைகளோடு வெளியே நிற்கிறார்கள். இந்த மூன்று நாளுக்காக இரண்டு வருடம் விண்ணப்பம் போட்டுக் காத்திருந்து, திருச்சியிலிருந்து ஜெர்மனியின் இந்த எக்ஸ் கதிர் நிலையத்துக்கு வந்திருக்கிறாள்.

கைநகம் அளவு தகடு. அதில் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு ஆக்சைடு படலங்கள், ஒன்றில் டைட்டானியம் உண்டு. தனித்தனியே எதற்கும் காந்தம் கிடையாது. இரண்டும் சேர்ந்தபோது வந்தது.

அதைக் கண்டுபிடித்தவள் அவள்தான். கட்டுரை வெளிவந்த அன்று ஆய்வகத்தில் கேக் வெட்டினார்கள். அந்தக் கட்டுரையை நம்பி ரெஜினா என்ற பெண் இருந்த வேலையை விட்டுவிட்டு, போன மாதம் அதே தலைப்பில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்திருக்கிறாள்.

காந்தம் எந்த அணுவிலிருந்து வருகிறது என்பதுதான் பாக்கி. ஒவ்வொரு தனிமத்துக்கும் ஓர் எண் உண்டு. கதிரின் ஆற்றலை அந்த எண்ணில் நிறுத்தினால் அந்தத் தனிமம் மட்டும் பதில் சொல்லும். டைட்டானியமாகத்தான் இருக்கும் என்று கட்டுரையில் அடித்து எழுதியிருந்தாள்.

கைபேசியில் செய்தி. அவளுடைய நெறியாளர் மேடம்.

‘என்னம்மா, டைட்டானியம் பேசுச்சா? நாளைக்கு மீட்டிங்ல சொல்லணும்.’

கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள்.

காலையிலிருந்தே ஓர் எண் மனசுக்குள் வந்து வந்து போனது. அதைத் தட்டிப் பார்க்காமல் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தாள்.

எழுநூற்று ஏழு.

அது இரும்பின் எண். இந்தத் தகட்டில் இரும்பே கிடையாது. அதனால் அந்த எண்ணில் பார்க்கச் சொல்லித் திட்டத்தில் இல்லை. யாரும் கேட்கப்போவதும் இல்லை.

திருச்சி ஆய்வகச் சுவரில் மேடத்தின் கையெழுத்தில், சிவப்பு மையில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். படலத் தகடுகளை ஸ்டீல் ட்வீசரால் தொடக்கூடாது. ஓரத்தில் லேசாக உரசினால் போதும், கண்ணுக்குத் தெரியாத இரும்புத் தூள் ஒட்டிக்கொள்ளும். அந்தத் தூளே காந்தத்தைக் காட்டும். சேர்ந்த முதல் நாளே எல்லோருக்கும் சொல்லப்படுவது.

மூன்று வருடத்துக்கு முன் பிளாஸ்டிக் ட்வீசரின் முனை உடைந்தது. புதியது வர ஒரு வாரமாகும் என்றார்கள்.

ஸ்டீல் ட்வீசரால் இந்தத் தகட்டைப் பெட்டியிலிருந்து எடுத்துத் தாங்கியில் வைக்க இரண்டு விநாடி. அறையில் யாருமில்லை. அவளே அதை மறந்துவிட்டதாகத்தான் நினைத்திருந்தாள்.

விரல் ஈரமாக இருந்தது. முதலில் எழுநூற்று எழுபது என்று விழுந்தது. அழித்தாள். மறுபடி தட்டினாள்.

கதிரைத் தகட்டின் ஓரத்துக்கு நகர்த்தினாள். வலது ஓரம். அங்கேதான் பிடித்தாள்.

புலத்தைத் திருப்பினாள்.

கோடு எழுந்தது.

மறுபக்கம் திருப்பினாள். அப்படியே கவிழ்ந்தது.

மூன்று நாளாக டைட்டானியத்திடம் அவள் கெஞ்சிக் கேட்ட அதே வடிவம், இரும்பிடமிருந்து. ஒரு பிசிறு இல்லை. பார்க்கப் பார்க்க அவளுக்குப் பயமாக இருந்தது.

சேமிக்கவா, வேண்டாமா என்று திரை கேட்டது. வேண்டாம் என்றால் அது எங்கேயும் இருக்காது. டைட்டானியம் பேசவில்லை, நேரம் போதவில்லை, அடுத்த தடவை பார்ப்போம் என்று சொல்லிக்கொள்ளலாம். அடுத்த தடவை வர இன்னும் இரண்டு வருடம். அதற்குள் ரெஜினா பாதி ஆய்வேட்டை எழுதியிருப்பாள்.

கை ‘வேண்டாம்’ பக்கம் போய் நின்றது.

கதவை யாரோ இரண்டு தட்டுத் தட்டினார்கள். அடுத்த குழுவாக இருக்கும். கைபேசியும் அடித்தது. மேடம்தான்.

சேமித்தாள். பிறகு கைபேசியை எடுத்தாள்.

“என்னம்மா, மெசேஜ் பாக்கலியா? என்ன வந்துச்சு?”

“மேடம், மூணு வருஷம் முன்னாடி பிளாஸ்டிக் ட்வீசர் உடைஞ்சுபோச்சு இல்லையா,” என்றாள். “புதுசு வர்ற வரைக்கும் நான் காத்திருக்கல.”