அக்கரைக் கல்லறை

ஆப்பிரிக்கக் கரையில், ஆறு கடலில் கலக்கும் அந்தச் சிற்றூரில் பேருந்தை விட்டு இறங்கியது ஜெசிந்தா ஒருத்திதான். அவள் கணவன் ராயப்பன் அங்கே ஐஸ் ஆலையில் மெக்கானிக்காக இருந்தான். ஊர் திரும்பாமலே, போன மாசியில் இறந்துபோனான். அவனோடு வேலை பார்த்த ஹமீசி, கல்லறை இருக்கும் அக்கரைக்கு அவளைத் தோணியில் அழைத்துப்போனான். ராயப்பனிடம் பழகிய தமிழில் கேட்டான்.

"நீங்க அண்ணனுக்கு என்ன வேணும்?"

அவள் வாய் திறக்குமுன் அவனே தொடர்ந்தான். "பாவம். பொண்டாட்டி செத்துப்போச்சு, அதான் ஊருக்குப் போகல சொல்லும். வருசாவருசம் அவங்களுக்கு மெழுகுவத்தி கொளுத்தும். நானும் கூட நிப்பேன்."

துடுப்பிலிருந்து நீர் சொட்டியது. இரண்டு கரைகளும் தூரத்தில் இருந்தன.

"நான் தங்கச்சி," என்றாள் ஜெசிந்தா.

ஹமீசியின் முகம் மலர்ந்தது. "அப்போ அண்ணிய பாத்திருக்கீங்க! எப்படி இருப்பாங்க?"

அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். கடல் ஏறி வந்து ஆற்றைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டிருந்தது.

"கறுப்புதான்," என்றாள். "நல்லாச் சிரிப்பா, அப்பல்லாம்."