பிரசாதம் சாப்பாடாகுமா?

பிள்ளையார் கோயில் பெருச்சாளிக்குத் தன் வளைக்குள்ளேயே நுழைய முடியாத அளவுக்குத் தொந்தி போட்டுவிட்டது. வெளியில் படுத்தால் தெருநாய் சும்மா விடுமா? அன்றைக்கே சோற்றை விட்டது. பிராகாரத்தைத் தினமும் நூற்றெட்டு முறை சுற்றியது. முதல் மாதம் தொந்தி மளமளவென்று கரைந்தது. அடுத்த மாதம் இம்மிகூடக் குறையவில்லை. தலை வளைக்குள் போனது, இடுப்பு போகவில்லை.

“என்னதான் அண்ணே சாப்பிடுறீங்க?” என்று கேட்டது வேப்பமரத்து அணில்.

“ரெண்டு அருகம்புல், பச்சைத் தண்ணி. பிள்ளையார் சத்தியமா!”

அணில் கூடவே சுற்றிப் பார்த்தது. ஒவ்வொரு சுற்றிலும் மடைப்பள்ளி வாசலில் சிந்திக் கிடந்த சுண்டலில் ஒன்றைப் பெருச்சாளி வாயில் போட்டுக்கொண்டது.

“அப்ப இது என்ன?”

“இது பிரசாதம்டா. சாப்பாடா?”

“நூத்தியெட்டு பிரசாதம்ணே!”

பெருச்சாளி வெட்கப்பட்டது. ஆனாலும் பிரசாதத்தை வேண்டாமென்று ஒதுக்க மனம் வரவில்லை. அதனால் அன்று முதல் ஒவ்வொன்றையும் கண்ணில் ஒற்றி அணிலிடம் கொடுத்தது.

பதினைந்தாம் நாள் வழுக்கிக்கொண்டு வளைக்குள் போய், காலை நீட்டிச் சுகமாகப் படுத்தது. வெளியே யாரோ மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால், மரம் ஏற முடியாமல் அடிமரத்தைக் கட்டிக்கொண்டு நின்றது அணில்.

“வெறும் பிரசாதம்தானே அண்ணே சாப்பிட்டேன்!”