மேல் குகைச் சிலை

சுற்றுலாப் பேருந்தில் வந்த இருபத்திரண்டு பேரில், மற்ற இருபத்தொரு பேரையும் சந்தேகித்தவர் ஒருவர் இருந்தார். தணிக்கை அதிகாரியாக இருந்து நான்கு வருடங்களுக்கு முன் ஓய்வு பெற்றவர். ஓய்வு உத்தியோகத்துக்குத்தான், சந்தேகத்துக்கு இல்லை.

வீட்டுப் பூட்டில் நம்பிக்கை இல்லாததால், மகள் கல்யாணத்துக்குச் சேர்த்த நகைகள் அவரோடு ஊரிலிருந்து புறப்பட்டன. விடுதிப் பூட்டிலும் நம்பிக்கை இல்லாததால், அவர் தோள்பையில் ஏறி, இந்தப் பழைய பௌத்தக் குடைவரைக் கோயிலுக்கும் வந்துவிட்டன.

வழக்கமான வழிகாட்டிக்குக் காய்ச்சலாம். பதிலாக வந்த இளைஞன், தன் காலரில் ஒரு மைக்கைக் குத்திக்கொண்டு, எல்லார் காதிலும் சின்னக் கருவி ஒன்றை மாட்டிவிட்டான்.

"உள்ள சத்தமா பேசக் கூடாது. நான் மெதுவா பேசினாலும் இதுல கேக்கும். செருப்பு, பை எல்லாத்தையும் இந்த அம்மாகிட்ட குடுத்துட்டு வாங்க."

வாசல் பெஞ்சில், செருப்புகளைப் பார்த்துக்கொள்ளும் நடுவயதுப் பெண் உட்கார்ந்திருந்தாள்.

"செருப்பு தரேன். பையைத் தர முடியாது," என்றார் தணிக்கை அதிகாரி. "சீட்டு குடுப்பீங்களா?"

"அதெல்லாம் வழக்கமில்ல சார்."

"அப்ப எனக்கும் வழக்கமில்ல."

மற்றவர்களும் தங்கள் பைகளை இறுக்கிக்கொண்டார்கள். வழிகாட்டியின் முகம் சுருங்கியது. செருப்புக்காரப் பெண் மட்டும் அவர் பக்கம் சாய்ந்து, "நல்லா கேட்டீங்கய்யா. இவனையெல்லாம் நம்பவே கூடாது," என்று முணுமுணுத்தாள்.

இந்த இடத்தில் விவரம் தெரிந்த ஒரு ஜீவனாவது இருக்கிறதே என்று அவருக்கு நிறைவாக இருந்தது.

கீழ் மண்டபத்தில் வழிகாட்டி, அரண்மனையைத் துறந்துபோன இளவரசனின் கதையைச் சொன்னான். "நகை நட்டெல்லாம் கழட்டிக் குடுத்தப்புறம்தான் அவருக்கு நிம்மதியே வந்துச்சு."

"எந்த வருஷம்? ஆதாரம் இருக்கா?" என்றார் தணிக்கை அதிகாரி. அது அவருடைய ஐந்தாவது குறுக்குக் கேள்வி.

"சாமி கும்பிடற இடத்துலயுமா ஆடிட்டு?" என்றாள் கூட வந்திருந்த அவர் மனைவி.

வழிகாட்டி கும்பிடு போட்டான். "மேல் குகைக்கு அனுமதி வாங்கணும். பத்து நிமிஷம் இங்கயே இருங்க."

அவன் போன இரண்டாவது நிமிடம், எல்லார் காதிலும் கரகரவென்று அவன் குரல்.

"அண்ணே, நான்தான். மேல் குகைச் சிலையை இன்னிக்கே தூக்கிடலாம். கைக்கு அடக்கமா இருக்கு, சட்டைக்குள்ளயே போட்டுக்கலாம். காவலாளி சாப்பிடப் போயிட்டான். கால் மணி நேரத்துல வாங்க. இதுங்களை நான் கீழயே கண்ணை மூடித் தியானம் பண்ண வெச்சுடறேன். மேல போக நூத்திருபது படி. ஒண்ணாலயும் ஏற முடியாது."

"மடப்பய! மைக்கை அணைக்க மறந்துட்டான்," என்றார் கூட்டத்திலேயே பருமனான துணிக்கடைக்காரர்.

தணிக்கை அதிகாரியின் முகம் பிரகாசமானது. ஒரு தப்பும் அகப்படாமல் நான்கு வருடம் வாடியிருந்தவர். இப்போது தப்பு தானாகவே வந்து காதில் விழுந்திருக்கிறது.

"போலீசைக் கூப்பிடலாமே," என்றாள் மனைவி.

"அவங்க வர்றதுக்குள்ள சிலை ஊர் தாண்டிடும். நாம முன்னாலயே ஏறி ஒளிஞ்சுக்கணும். கையும் களவுமா பிடிச்சாத்தான் கேஸ் நிக்கும்."

படிக்கட்டு பாறைக்குள் குடையப்பட்டது, ஆள் ஒருவர் ஒடுங்கிப் போகும் அளவுதான். மூன்றாவது படியிலேயே துணிக்கடைக்காரர் பையோடு சிக்கிக்கொண்டார். யாருடைய பையிலோ தண்ணீர் பாட்டில் சுவரில் மோதி டங்கென்றது.

"சத்தம் கேட்டா உஷாராயிடுவான். பையெல்லாம் இறக்குங்க!" என்று கட்டளையிட்டார் தணிக்கை அதிகாரி.

"நம்ம பையுமா? யார் பாத்துக்கறது?" என்றாள் மனைவி.

அவர் யோசித்தார். வழிகாட்டியை நம்பாத ஆள் இங்கே ஒருத்திதான். அவர் கூப்பிட, மண்டபத்துக்கு வந்து விஷயத்தைக் கேட்ட செருப்புக்காரப் பெண் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "அடப்பாவி! நான்தான் சொன்னேனே. நீங்க போய்ப் பிடிங்கய்யா. நான் இதை விட்டு நகர மாட்டேன்."

ஆனாலும் முறை என்று ஒன்று உண்டல்லவா? 'பைகள் பத்தொன்பது' என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, அவளிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்ட பிறகே அவர் படியேறினார்.

மேல் குகை கும்மிருட்டு. இருபத்திரண்டு பேரும் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். வெளிச்சம் தெரிந்தால் உஷாராகிவிடுவான் என்று யாரும் விளக்குப் போடவில்லை. தும்மல் வந்தவரின் மூக்கை அவர் மனைவியே பிடித்துக்கொண்டாள். கால் மணி ஆயிற்று. அரை மணியும் ஆயிற்று. ஒருவனும் வரவில்லை.

பொறுக்க முடியாமல் துணிக்கடைக்காரர் கைபேசி விளக்கைப் போட்டார்.

குகையில் இருந்தது ஒரே ஒரு சிலைதான். மலையையே செதுக்கி எடுத்த, நாற்பதடி நீளத்தில் படுத்திருக்கும் புத்தர். கால் கட்டைவிரலே துணிக்கடைக்காரர் அகலம். பாதிக் கண் மூடி, எல்லாம் தெரிந்தவர்போல் சிரித்துக்கொண்டிருந்தார்.

தணிக்கை அதிகாரியின் மனைவி சிலையைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். பிறகு கணவரைப் பார்த்தாள்.

"இதையா சட்டைக்குள்ள போட்டுக்கப் போறான்?"

கையெழுத்திட்ட சீட்டு அவர் விரல்களுக்குள் கசங்கியது. அப்போது எல்லார் காதிலும் மறுபடி கரகரப்பு. ஒரு வேன் உறுமிக் கிளம்பும் ஓசை, செருப்புக்காரப் பெண்ணின் சிரிப்பு, அதற்கு மேல் அதே பணிவான குரல்:

"நிதானமா இறங்கி வாங்க சார், கையிலதான் சுமை ஒண்ணும் இல்லையே… மைக்கை இப்ப அணைச்சுடறேன்."