பின்சீட்டுப் புகார்

"இதுல மனுஷி உட்கார முடியுமா? நீங்களே சொல்லுங்க."

பைக் இன்னும் ஸ்டாண்டில்கூட நிற்கவில்லை. அதற்குள் மெக்கானிக்கிடம் புகாரை ஆரம்பித்துவிட்டாள் அந்தப் பெண்.

"ஒரு பள்ளம் வந்தா போதும். இடுப்பெலும்பு கழன்று கையில வந்துடும் போல இருக்கு. பின்னாடி ஷாக் அப்சார்பர் ரெண்டையும் மாத்துங்கண்ணே."

கணவர் ஹெல்மெட்டைக் கழற்றினார். கூரியர் கம்பெனிச் சட்டை. பை மாட்டி மாட்டி ஒரு பக்கத் தோள் மட்டும் வெளுத்துப் போயிருந்தது.

"இவளுக்கு எல்லாத்துக்கும் அவசரம். தினமும் ஓட்டுறவன் நான், எனக்கு ஒண்ணும் தெரியலை. ஸ்பிரிங்கைக் கொஞ்சம் டைட் பண்ணி விடுங்க. ஓடுற வரைக்கும் ஓடட்டும்."

மெக்கானிக் வண்டியின் பின்பக்கத்தை இரண்டு கையாலும் அழுத்திவிட்டார். ஒரு தடவை அமுங்கி எழுந்து நிற்க வேண்டிய வண்டி, தொட்டில் மாதிரி ஆடிக்கொண்டே இருந்தது. குனிந்து பார்த்தார். இரண்டு பக்கமும் ஆயில் கசிந்து, மண்ணோடு சேர்ந்து அப்பியிருந்தது.

"டைட் பண்ணிப் பிரயோஜனம் இல்லை சார். உள்ள ஆயிலே இல்லை, வெறும் ஸ்பிரிங்தான் குதிக்குது. மாத்தத்தான் வேணும்."

"அடுத்த மாசம் பார்த்துக்கலாம்."

"போன மாசமும் இதையேதான் சொன்னீங்க," என்றாள் மனைவி.

பஞ்சர் ஒட்டக் காத்திருந்த ஒருவர் மெக்கானிக்கைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். 'மாட்டிக்கிட்டார் மனுஷன்' என்று அர்த்தம். மெக்கானிக்கும் அப்படித்தான் நினைத்துக்கொண்டார்.

அலமாரியிலிருந்து ஒரு ஜோடி ஷாக்கை எடுத்து வந்து காட்டினார். அவள் அதைக் கையில்கூட வாங்கவில்லை.

"இதைவிட நல்லதா இல்லையா?"

"கேஸ் நிரப்பின ஷாக் இருக்கும்மா. பள்ளத்துல இறங்கினாலும் அலுங்காது. ஆனா விலை இதைப்போல ரெண்டு பங்கு."

"அதையே போடுங்க."

கணவருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"வாரத்துல ஒரு நாள் உங்கம்மா வீட்டுக்குப் போய்ட்டு வர்றதுக்கா?"

"அந்த ஒரு நாள் நான் படுற பாடு உங்களுக்கென்ன தெரியும்?" இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு முகத்தைச் சுளித்தாள்.

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது.

"ரொம்ப வலிக்குதா?"

"ம்."

"அப்படின்னு முன்னாடியே சொல்ல வேண்டியதுதானே." மெக்கானிக் பக்கம் திரும்பினார். "அந்த நல்லதையே மாட்டிடுங்க. அவளுக்கு முடியலைன்னா அப்புறம் என்ன இருக்கு."

மெக்கானிக் வண்டியை நடு ஸ்டாண்டில் ஏற்றி, ஸ்பேனரை எடுத்தார். துருப்பிடித்த நட்டு லேசில் அசைந்து கொடுக்கவில்லை.

"எதிர்ல மருந்துக் கடை இருக்கு, உனக்குத் தைலம் வாங்கிட்டு வர்றேன். நீ நிற்காதே, உட்காரு," என்று சொல்லிவிட்டுக் கணவர் ரோட்டைத் தாண்டிப் போனார்.

பழைய ஷாக் இரண்டும் கழன்று விழுந்தன. மெக்கானிக்குக் கை வேலை பார்த்தாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"நாள் பூரா வெயில்லயும் மழையிலயும் அலையுற மனுஷன்மா. நாலு பேர் முன்னாடி இப்படிப் பிடுங்கி எடுக்கிறீங்களே. பதமா சொன்னா கேட்க மாட்டாரா?"

அவள் லேசாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவருக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

புது ஷாக்கை மாட்டி, நட்டை முடுக்கினார். கடைசியாகக் கொக்கி ஸ்பேனரை ஸ்பிரிங்கில் வைத்துக்கொண்டு கேட்டார்:

"ஸ்பிரிங்கை எவ்வளவு இறுக்கணும்கிறது வண்டியில ஏறுற வெயிட்டைப் பொறுத்ததும்மா. இறுக்கி வச்சா ரெண்டு பேர் போறப்போ சுகமா இருக்கும். தனியா ஓட்டினா கொஞ்சம் தூக்கிப் போடும். ரெண்டு பேருக்கே வச்சிடுறேன், சரியா?"

"வேண்டாம்ணே. ஒருத்தருக்கு வைங்க. அவர் தனியா ஓட்டுறப்போ அலுங்காம இருக்கணும்."

மெக்கானிக்கின் கை நின்றது.

"அப்படி வச்சா நீங்க ஏறினதும் பின்னாடி தட்டுமே. உங்க இடுப்பு என்னத்துக்கு ஆகும்?"

அவள் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். மெக்கானிக்கும் பார்த்தார்.

மருந்துக் கடையில் அவள் கணவர் கீழே விழுந்த சாவியை எடுக்கக் குனிந்திருந்தார். எடுத்துவிட்டார். ஆனால் உடனே நிமிர முடியவில்லை. கண்ணாடி மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, யாராவது பார்க்கிறார்களா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்தார்.

அவர் திரும்பி வருவதற்குள் சொல்லி முடித்துவிட வேண்டும் என்பதுபோல அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"தினமும் காலையில சுவத்தைப் பிடிச்சுக்கிட்டுத்தான் எழுந்திரிக்கிறார். 'உங்க இடுப்பு போயிடும், ஷாக்கை மாத்துங்க'ன்னு ஆறு மாசமா பதமாத்தான்ணே சொல்லிப் பார்த்தேன். தனக்குன்னா அந்த மனுஷன் ஒரு காசு எடுக்க மாட்டார். எனக்கு வலிக்குதுன்னு சொன்னாத்தான் அவர் கை பையில போகும்."