ஒரே ஒரு சிவப்புக் கோடு

குன்னூர் பக்கத்து எஸ்டேட் ஆஸ்பத்திரி ஜன்னலில் பதினொரு மணிக்கும் மூடுபனி விலகவில்லை. மேசையில் நோயாளி அங்கம்மாவின் பழைய அட்டை, ரத்த வகை ஓ பாசிட்டிவ் என்கிறது. கம்ப்யூட்டர் பி பாசிட்டிவ் என்கிறது. ஆபரேஷனுக்குச் சற்று முன் அட்டையைத் தேடியெடுத்துப் பார்த்தவள் நர்ஸ் லோயிஸ். "நாந்தானுங்க தம்பி தப்பா அடிச்சிருப்பேன்," என்றபடி டாக்டருக்கு மன்னிப்புக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறாள். ஆஸ்பத்திரியின் மென்பொருளை எழுதிய தினகரன் திரையிலிருந்து தலை நிமிரவில்லை. முதல்முறை பதிந்த ரத்த வகையைப் பிறகு படிக்க மட்டுமே முடியும், மாற்ற முடியாது என்று பூட்டும் சொல் ஒன்று நிரல் மொழியில் உண்டு. அவசரத்தில் அதை எழுதாமல் விட்டவன் அவன். இப்போது சேர்க்கிறான். பூட்டியதில் கைவைக்கும் வரி எதுவானாலும் திரையில் அதன் கீழே சிவப்புக் கோடு விழும். ஒரே வரியில் விழுகிறது. ஒரு நோயாளியின் விவரத்தை அடுத்தவர் மேல் ஏற்றிவிடும் அந்த வரியைப் போன மாதம் எழுதியவனும் அவனே. காதுமடல் சுடுகிறது. "செவப்பா என்னமோ வருதுங்களே, யாரு மாத்துனதுன்னு காட்டுதுங்களா?" லோயிஸின் பேனா நிற்கிறது. "காட்டுதுங்க சிஸ்டர்." திரையை அவள் பக்கம் திருப்புகிறான். "நீங்க அடிச்சதில்லீங்க. நான் எழுதுனது." லோயிஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தனக்குப் புரியாத அந்த ஒரு வரியை வெகுநேரம் பார்க்கிறாள்.